பொருநை ஆறும் உழைக்கும் மக்களும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்றைய வகுப்புக்குத் தாமிரபரணி ஆறு என்று தலைப்பு வைத்ததும், மில் தோழர் ஒருவர் கேட்டார்: “கூலியைப் பற்றிப் பேசலாம், போனஸைப் பற்றிப் பேசலாம். ஆற்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.”

நியாயமான கேள்விதான். ஆறு தானாக ஓடுகிறது என்றுதான் நாமெல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, ஒரு வருஷம் ஏன் வராமல் போகிறது என்று யோசிக்க நமக்கு நேரம் இருப்பதில்லை. ஆனால் தண்ணீர் வராத வருஷத்தில் முதலில் பட்டினி கிடப்பவர்கள் நாம்தான். நாற்றங்கால் காய்ந்தால் நடவு இல்லை, களையெடுப்பு இல்லை, அறுப்பு இல்லை. நிலம் உள்ளவனுக்காவது கடன் கிடைக்கும். கூலியாளுக்கு அதுவும் இல்லை. ஆகவே இந்த ஆற்றின் பூகோளத்தை நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஆறு பிறக்கும் இடம்

பாபநாசத்துக்கு மேற்கே தெரிகிற மலை பொதிகை. அதில் மிக உயர்ந்த சிகரம் அகத்தியமலை. உயரம் ஏறக்குறைய 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்கு மேல். அந்த மலைத் தொடரின் சரிவுகளில்தான் தாமிரபரணி பிறக்கிறது. பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு, சேர்வலாறு என்று மலைக்குள்ளேயே பல சிற்றாறுகள் வந்து சேருகின்றன. பாணதீர்த்தம், கல்யாணதீர்த்தம், அகத்தியர் அருவி என்று படிப்படியாகக் குதித்துப் பாபநாசத்தில் சமவெளிக்கு வருகிறது.

சமவெளியில் மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு ஆகியவை சேருகின்றன. குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு சீவலப்பேரியில் சேருகிறது. பிறகு ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வழியாகச் சென்று புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 128 கிலோமீட்டர், எண்பது மைல். காவிரியோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் இந்த ஆறு நம் மாநிலத்திலேயே பிறந்து நம் மாநிலத்திலேயே கடலில் விழுகிறது. தண்ணீர் விடவில்லை என்று பக்கத்து மாநிலத்தைக் குறை சொல்ல இங்கே வழியில்லை. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் கணக்குக் கேட்க வேண்டிய இடம் நம்மிடமே இருக்கிறது.

காடு செய்யும் வேலை

திருநெல்வேலி மேடும் வானம் பார்த்த பூமியும் எவ்வளவு வறண்டவை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்ற இடங்களில் ஆண்டுக்கு 300 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டுகிறது. சமவெளியில் பெய்வது ஏறக்குறைய அதில் நாலில் ஒரு பங்குதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மோதி, மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் பொழிகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கமிருந்தே மலையில் மோதுகிறது. இப்படி இரண்டு பருவத்திலும் நனைகிற மலை இது. அதனால்தான் நம் ஜில்லாவில் கார் என்றும் பிசானம் என்றும் இரண்டு போகம் உண்டு.

ஆனால் மழை மட்டும் ஆறாகிவிடாது. ஒரு குடம் தண்ணீரைச் சிமெண்டுக் களத்தில் கொட்டிப் பாருங்கள். அடுத்த நிமிஷம் ஓடி வடிந்துவிடும். அதே குடத்தை நாலு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் கொட்டுங்கள். சாக்கு குடித்துக்கொள்ளும், வெகுநேரம் கசிந்துகொண்டேயிருக்கும். மொட்டை மலை சிமெண்டுக் களம். மழைக்காடு மடித்துப் போட்ட சாக்கு.

அந்தக் காட்டில் மரங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மேலே பெரிய மரங்கள், அதன்கீழ் நடுத்தர மரங்கள், அதன்கீழ் செடியும் புதரும். மழைத்துளி இலைக்கு இலை தட்டி வேகம் குறைந்து கீழே வருகிறது. கீழே அழுகிய சருகு மெத்தை போலக் கிடக்கிறது. வேரும் புழுவும் துளைத்த மண் தண்ணீரை உள்ளே விடுகிறது. அது பாறை வெடிப்புகளில் இறங்கி, மழை நின்று பல வாரங்களுக்குப் பிறகும் ஊற்றாகக் கசிந்து ஓடையில் சேருகிறது. காட்டை அழித்தால் பெய்த மழை அன்றைக்கே மண்ணையும் வாரிக்கொண்டு வெள்ளமாக வரும். பிறகு ஓடை காய்ந்துவிடும். அணையில் நிற்க வேண்டிய தண்ணீரின் இடத்தை மண் பிடித்துக்கொள்ளும்.

இதை ஒரு கணக்கால் பார்ப்போம். இந்த ஆற்றுப் பாசனத்தில் உள்ள நிலம் சுமார் 86,000 ஏக்கர். ஒரு போகம் நெல் விளைய ஏறக்குறைய நாலடி உயரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் சுமார் 15 டி.எம்.சி. வருகிறது. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. இனி அணைகளைப் பாருங்கள். 143 அடி உயரமுள்ள பாபநாசம் அணையில் ஐந்தரை டி.எம்.சி. நிற்கும். 1958-இல் முடிந்த மணிமுத்தாறு அணையிலும் ஐந்தரை. சேர்வலாறு அணையில் ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு. மூன்றும் நிரம்பி வழிந்தாலும் பன்னிரண்டு சொச்சம்தான். மணிமுத்தாற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு தனிக் கால்வாயில் வேறு நிலங்களுக்கும் போக வேண்டும்.

அதாவது, அணை மூன்றும் நிரம்பினாலும் ஒரு போகத்துக்கே போதாது! ஆனால் நல்ல வருஷத்தில் இரண்டு போகம் விளைகிறது. மீதித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பயிர் நிற்கும் நாளெல்லாம் பெய்த மழையும், காடு கசியவிட்ட ஊற்றும் தந்தது. சர்க்கார் கட்டாத, யாரும் சம்பளம் கொடுக்காத நாலாவது அணை அந்தக் காடு. அந்த மழை பொய்த்த 2016-17 வறட்சியில் அணைகள் அடிமட்டத்துக்கு இறங்கியதை நாம் மறக்கவில்லை.

எட்டு அணைக்கட்டு, பதினோரு கால்வாய்

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். இவற்றிலிருந்து பதினோரு கால்வாய்கள். ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. எந்த ராஜா கட்டினான் என்று கதை சொல்வார்கள். கல் சுமந்தவன் பெயரைக் கதை சொல்லாது. வண்டல் வாரிய கூடையும், கால்வாய் வெட்டிய மண்வெட்டியும் யாருடைய கையில் இருந்தன என்று நமக்குத் தெரியும்.

இந்தக் கால்வாய்கள் 180-க்கும் மேற்பட்ட குளங்களை நிரப்புகின்றன. பாசன நிலத்தில் ஏறக்குறைய பாதி நேராகக் கால்வாயிலிருந்து தண்ணீர் பெறுகிறது. மீதி, குளம் வழியாகப் பெறுகிறது. கால்வாய்த் தலையில் இருப்பவனுக்கு முதல் தண்ணீர். ஸ்ரீவைகுண்டம் வடகால் போய்ச் சேருகிற கோரம்பள்ளம் குளம் போன்ற கடைமடைக்குக் கடைசித் தண்ணீர். குளத்தில் கருவேலம் மண்டி, வண்டல் மேவிவிட்டால் கடைமடைக்கு ஒன்றும் மிஞ்சாது. கடைமடை ஊர்களின் கூலியாட்கள்தான் முதலில் குடும்பத்தோடு வெளியூருக்குப் பிழைக்கப் போகிறார்கள்.

இந்தக் கரையில் உழவு நேற்று வந்ததல்ல. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியைச் சோதித்தார்கள். அதன் காலம் கி.மு. 1155 என்று தெரிந்ததை 2021-இல் தமிழக சர்க்கார் சட்டமன்றத்தில் அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக இந்தத் தண்ணீரில் நெல் விளைந்திருக்கிறது. கொற்கை அந்தக் காலத்தில் ஆற்று முகத்தில் இருந்த துறைமுகம். ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கடல் விலகிப் போய், இன்று கொற்கை உள்நாட்டுக் கிராமமாகிவிட்டது. ஆறு மண்ணைச் சுமக்கிறது, நிலத்தை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிடக் கண்கண்ட சான்று வேண்டாம்.

நெல் மட்டுமா? ஏரல் பக்கத்து வாழை, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், ஆற்றோரக் கோரையை ஊறவைத்துக் கிழித்துப் பத்தமடைப் பெண்கள் நெய்யும் பாய், எல்லாவற்றுக்கும் தாய் இந்த ஆறுதான்.

ஒரே தண்ணீர், பல வேலை

மில் தோழர்களுக்கு ஒரு விஷயம். பாபநாசத்தில் ஏன் மில் வந்தது? பருத்தி விளைந்தது கோவில்பட்டி, விருதுநகர்க் கரிசலில். துறைமுகம் இருந்தது தூத்துக்குடியில். இருந்தும் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் மலையடிவாரத்துக்குப் போனார்கள். காரணம், விழுகிற தண்ணீரின் வேகம். அந்த வேகத்தில் யந்திரத்தைச் சுழற்றினால் நிலக்கரி வாங்க வேண்டாம். காடு சேமித்த தண்ணீர், செலவில்லாமல் கதிரைச் சுற்றியது. அந்த லாபத்தில் காட்டுக்கும் பங்கில்லை, கதிரைக் கவனித்தவனுக்கும் நியாயமான பங்கில்லை. அதே ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகள் கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கினார்கள் என்பது சரித்திரம்.

பிறகு 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. அணையிலிருந்து விழுகிற தண்ணீர் மின்சாரத்தைத் தந்துவிட்டு அப்படியே கீழே இறங்கி வயலுக்கு வருகிறது. ஒரு சொட்டும் குறைவதில்லை. ஆகவே மின்சாரமும் பாசனமும் ஒன்றுக்கொன்று பகையில்லை. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் பிரச்னை.

குடிநீர் விஷயம் வேறு. எடுத்த தண்ணீர் ஆற்றுக்கு அப்படியே திரும்புவதில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி நகரங்களும், நூற்றுக்கணக்கான கிராமங்களும், விருதுநகர் ஜில்லாவின் ஒரு பகுதியும் இந்த ஆற்றைக் குடிக்கின்றன. குடிக்கிறவனுக்குத் தண்ணீர் இல்லை என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். ஆனால் கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் குளிர்பானக் கம்பெனிகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு லிட்டர் நாலு காசுக்கும் குறைவு! அதை அடைத்துக் கடையில் என்ன விலைக்கு விற்கிறான் என்று உங்கள் பிள்ளைகளே சொல்வார்கள். 2016 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளித் தடையை நீக்கியது.

இங்கேதான் நம்மைப் பிரிக்கப் பார்ப்பார்கள். விவசாயத் தொழிலாளியிடம் போய், “ஆலைக்காரன் உன் தண்ணீரைக் குடிக்கிறான்” என்பார்கள். ஆலைத் தொழிலாளியிடம் போய், “தண்ணீரை நிறுத்தினால் உன் வேலை போகும்” என்பார்கள். இருவரும் ஒரே குழாயடியில் குடத்தோடு நிற்பவர்கள். ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதலில் குடிநீர், அடுத்து பயிர், அதன் பிறகு ஆலை. ஆலை தான் எடுத்த தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தட்டும் என்கிறோம். இந்த வரிசையை இரண்டு சங்கமும் சேர்ந்து சொன்னால் மறுப்பது கஷ்டம்.

மணலும் வெள்ளமும்

ஆற்று மணலும் ஒரு சாக்குதான். மணலுக்கு அடியில் ஊறி நிற்கிற தண்ணீரிலிருந்துதான் குடிநீர்க் கிணறுகள் இறைக்கின்றன. மணலை அள்ளினால் ஆற்றுப் படுகை இறங்கும்; கால்வாய்த் தலை மேடாகிவிடும்; கரையோரக் கிணறு வற்றும். இதை எதிர்த்து, ஸ்ரீவைகுண்டத்தில் 1925-இல் பிறந்த தோழர் ஆர். நல்லகண்ணு மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. நீதிமன்றத்தில் காகிதமாகக் கிடைத்த தடையை ஆற்றங்கரையில் காப்பாற்ற ஊர் ஜனங்கள் விழித்திருக்க வேண்டும் என்பதும் அப்போது படித்த பாடம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. குளங்கள் உடைந்தன. அவ்வளவு மழையை எந்தக் காடும் முழுக்கத் தாங்காது, உண்மை. ஆனால் ஓடையை அடைத்தது யார்? குளத்தைத் தூர்க்க விட்டது யார்? பள்ளத்தில் குடியிருப்பவர்கள் விரும்பியா அங்கே போனார்கள்? மேட்டில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

மேலே இருந்தவர்கள்

கடைசியாக மலைக்குப் போவோம். இந்த ஆற்றின் மலைப்பகுதி பெரும்பாலும் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் சரணாலயம். 1988-இல் அமைந்தது. புலி, யானை, சிங்கவால் குரங்கு எல்லாம் அங்கே உண்டு. காணி மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழ்கிறார்கள். காடு அழியாமல் அவர்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

அந்த மழைக்காட்டின் நடுவே 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். வெட்டியவர்களும், நட்டவர்களும், அட்டைக்கடியில் கொழுந்து பறித்தவர்களும் கீழேயிருந்து போன ஏழை ஜனங்கள். அவர்களுக்கு அங்கே வீடு சொந்தமில்லை, நிலம் சொந்தமில்லை. கம்பெனியின் லைன் வீடுதான்.

1999 ஜூலை 23-ஆம் தேதி, சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளர்களை விடுதலை செய்யக் கோரியும் கூலிக் கோரிக்கைக்காகவும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடி நடத்தி ஜனங்களை ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. மலையிலே அவர்கள் காலடியில் ஊற்றாகப் பிறந்த அதே தண்ணீரில் அவர்கள் உயிர் போயிற்று.

குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இலேயே கம்பெனி விருப்ப ஓய்வு என்று காகிதத்தை நீட்டி வேலையை நிறுத்தியது. நாலு தலைமுறையாக அங்கே பிறந்தவர்களுக்குக் கீழே ஒரு சென்ட் நிலமில்லை.

இதில் நாம் என்ன சொல்ல வேண்டும்? சிலர், “காடு முக்கியமா, தொழிலாளி முக்கியமா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே நம்மை ஏமாற்றுவதற்காக வைத்த கேள்வி. காடு திரும்ப வளர வேண்டும். நாம் போட்ட கணக்குப்படி நம் சோறு அதில்தான் இருக்கிறது. ஆனால் தொண்ணூற்றைந்து வருஷம் லாபம் எடுத்தவன் கையை உதறிவிட்டுப் போக, காட்டைத் திருப்பிக் கொடுக்கிற செலவு முழுவதையும் கொழுந்து பறித்த பெண் தலையில் கட்டுவது எந்த நியாயம்? அந்தக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் நிரந்தர வேலையும் கொடுக்கட்டும். தேயிலை நின்ற சரிவில் மறுபடி காட்டு மரம் வளர்க்க ஆள் வேண்டாமா? அந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் அறிந்த அவர்களைவிட, காணி மக்களைவிட, தகுதியான ஆள் எங்கே இருக்கிறார்கள்?

இனி நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கிளையும் தன் ஊர்க் குளத்தின் பெயர், அது எந்தக் கால்வாயில் இருக்கிறது, எத்தனை மடை, எத்தனை ஏக்கர், ஆக்கிரமிப்பு எங்கே என்று எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வர வேண்டும். கார் சாகுபடிக்கு ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். தள்ளிப்போனால் ஏன் என்று அன்றைக்கே கேட்க வேண்டும். தண்ணீர் திறக்காத போகத்துக்கு விவசாயத் தொழிலாளிக்கும் நிவாரணம் வேண்டும். நஷ்டஈடு பட்டாக்காரனோடு நின்றுவிடக் கூடாது. குளம் தூர்வாருகிற வேலை கான்ட்ராக்டரின் யந்திரத்துக்குப் போகாமல் ஊர்க் கூலியாட்களுக்குக் கிடைக்க வேண்டும். மில் சங்கத் தோழர்கள், தங்கள் ஆலை எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது, கழிவை எங்கே விடுகிறது என்று விசாரித்து வர வேண்டும். மாஞ்சோலைக் குடும்பங்களின் கோரிக்கை மனுவில் கடைமடைக் கிராமங்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

இந்த விவரங்களைச் சேர்த்துக்கொண்டு அடுத்த மாதம் கூடுவோம். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள், தோழர்களே. முதலில் பின்வரிசையில் இருக்கிற நடவுப் பெண்கள் கேட்கட்டும். அவர்கள்தான் இந்தத் தண்ணீரில் அதிக நேரம் நின்றவர்கள்.